எண்சுவடியும் வாய்பாடும்: யாழ்ப்பாணத்துக் கணக்குக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு பற்றி எழுதப்பட்டவை பலவாகும். அவற்றுட் பெரும்பாலானவை புலவர் பரம்பரை, சமயப் போட்டி, அச்சுக்கூடம், ஆங்கிலக் கல்வி, அரசாங்க உத்தியோகம் என்பவற்றையே பொருளாகக் கொண்டன. நிகண்டும் நன்னூலும் எவ்வாறு பாடஞ் சொல்லப்பட்டன என்று விரிவாக ஆராய்ந்தோரும், அவற்றோடு ஒருங்கே ஓதப்பட்ட எண்சுவடியை ஒரு வரியிற் கடந்து சென்றனர். எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசும் மரபில் எழுத்தின் வரலாறு மட்டும் எழுதப்பட்டமை வியப்புக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குடாநாட்டுப் பிள்ளைகள் மனனஞ் செய்த பெருக்கற் கணக்கு அளவிலும் பொருளிலும் பெரிதும் மாறிற்று. மாறியது பாடம் மட்டுமன்று; அப்பாடத்தை அறிந்திருக்க உரிமை பெற்றோர் யாவர் என்பதும் மாறிற்று. இவ்விரு மாற்றங்களையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

வாய்பாடு என்னுஞ் சொல்லிலிருந்து தொடங்குதல் பொருந்தும். யாப்பிலக்கணத்தில் தேமா, புளிமா என்பன வாய்பாடுகள். வினையெச்சத்திற் செய்து, செய்பு என்பன வாய்பாடுகள். ஓரினத்தனவற்றையெல்லாம் உள்ளடக்கி, வாயாற் சொல்லி நினைவில் நிறுத்தத்தக்க அச்சாக அமைவதே வாய்பாடு. ஈரிரண்டு நான்கு, மூவைந்து பதினைந்து, ஐயாறு முப்பது என்று கணக்கில் ஓதப்படுவதும் அத்தகையதே. ஈண்டு தமிழ்மொழியின் இயல்பு கற்போனுக்குப் பெருந்துணை புரிந்தது. ஒன்று ஓர் எனவும், இரண்டு ஈர் எனவும், மூன்று மூ எனவும், ஐந்து ஐ எனவும் குறுகி அடுத்த எண்ணோடு புணர்ந்து ஒரே சொல்லாகிவிடும். தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்கள் தம்முட் புணரும் முறையையும், அளவுப்பெயர் நிறைப்பெயர்களோடு புணரும் முறையையும் நுணுகி வகுத்திருக்கின்றமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இலக்கண ஆசிரியர் அத்துணை இடம் ஒதுக்கியமைக்கு, எண்களை இவ்வாறு பெருக்கிச் சொல்லும் வழக்கு மக்களிடையே உயிரோடிருந்தமையே காரணமாதல் வேண்டும்.

எண்சுவடி என்பது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண் கற்பித்தற்கு அமைந்த ஏடு. யாழ்ப்பாணத்தில் திண்ணைப் பள்ளி ஆசிரியரைச் சட்டம்பியார் என்றழைப்பர். விசயதசமியில் ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதி எழுத்தையும் இலக்கத்தையும் பழகும். பின்னர், முன்னேறிய மாணவன் ஒருவன் உரத்துச் சொல்ல, ஏனையோர் ஒருமித்துத் திருப்பிச் சொல்லுவர். நாள்தோறும் இவ்வாறு ஓதி மனத்தில் நிலைத்தபின்பே ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவதுண்டு. ஆகவே, ஏட்டைப் பார்த்துக் கற்றலினும் கற்றதை ஏட்டில் வைத்தலே அங்கு நிகழ்ந்தது எனலாம். எண்சுவடிப் பிரதிகள் பல இடங்களிலும் எண்ணிறந்து கிடைப்பதற்கும், அவை தம்முட் சிறிது சிறிது வேறுபடுவதற்கும் இதுவே காரணம் போலும்.

அந்த ஏட்டின் உள்ளடக்கம் இன்றைய பாடசாலை வாய்பாட்டினும் மிகப் பெரிது. முழுவெண்களை மேல்வாயிலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் முன்னோர் வகுத்தனர். மேல்வாயில் ஒன்று முதலாக எண்களின் மடங்குகள் வரும். பத்தோடு நில்லாது இருபது, முப்பது எனத் தொடர்வதும் உண்டு. பல சுவடிகளில் ஒவ்வொரு வாய்பாட்டின் இறுதியிலும் அதன் கூட்டுத்தொகை கூறப்படும். இது வெறும் அலங்காரமன்று. ஒன்று முதற் பத்து வரையான எண்களின் தொகை 55. ஆதலின் ஏழாம் வாய்பாட்டைப் பத்துவரை சொல்வோன் இறுதியில் 385 என்று முடிக்க வேண்டும். இடையில் ஒன்று தவறினாலும் தொகை பொருந்தாது. ஓதுபவன் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் உபாயம் ஓதலுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. மனப்பாடக் கல்வி சிந்தனையற்றது என்று பொதுவாகக் கூறுவோர் இந்நுட்பத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கீழ்வாயிலக்கமோ இன்னும் அரியது. அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று. மாகாணி பதினாறில் ஒரு பங்கு, வீசம் எனவும் படும். நாலுமா, இருமா, மா என ஐந்திலும் பத்திலும் இருபதிலும் ஒரு பங்காக இறங்கும் வரிசை மற்றொன்று. மாவின் பின்னர் அரைமா, காணி, அரைக்காணி என இறங்கி முந்திரி வரும். முந்திரி 320இல் ஒரு பங்கு. இவ்வெண் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பது சிறிது சிந்திப்போர்க்குப் புலனாகும். பதினாறையும் இருபதையும் பெருக்க வருவது 320. ஆதலால் இரு வரிசைகளிலும் உள்ள பின்னங்கள் யாவும் முந்திரியின் முழு மடங்குகளாக அமைந்துவிடுகின்றன. முந்திரிக்குக் கீழேயும் கணக்கு நில்லாது. முந்திரியை ஒன்றாகப் பாவித்து அதனை மீண்டும் 320 கூறு செய்தாற் கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒரு பங்கு. காலைக் காலாற் பெருக்க மாகாணி, முக்காலை முக்காலாற் பெருக்க அரையே மாகாணி என்பன எளியவை. மாவை மாவாற் பெருக்கினால் நானூறில் ஒன்று வரவேண்டும். அது முந்திரியில் ஐந்தில் நான்கு பங்காதலின் கீழ் முக்காலே ஒருமா என்று சொல்லப்படும். இவற்றையெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தடையின்றிச் சொன்னான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிற நாடுகளிலும் பெருக்கற் பட்டியல்கள் மிகப் பழையனவே. பாபிலோனிய மாணவர்கள் நிப்பூர் நகரில் களிமண் பலகைகளில் அவற்றை எழுதிப் பழகினர். சீனத்திற் கிடைத்த, கி.மு. 305 அளவினதான மூங்கிற் பட்டிகையில், ஒன்று முதல் ஒன்பதும் பத்து முதல் தொண்ணூறும் அமைய, அவற்றோடு அரையும் இடம்பெற்றுள்ளது. எனினும் பின்னத்தைப் பின்னத்தாற் பெருக்குவதைச் சிறுவர்க்குரிய பாடமாக்கித் தமிழ் எண்சுவடி சென்ற தூரம் அம்மூங்கிற் பட்டிகையிற் காணப்படுவதன்று.

இவ்வளவு நுண்ணிய கணக்கு எதன்பொருட்டு என்னும் வினா எழும். பதில் குடாநாட்டின் காணியிலும் கிணற்றிலும் உள்ளது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணியில் 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு 18 குழி. நெற்காணிக்குரிய பரப்பு இதனின் வேறானது. சிறிய காணிகளாற் செறிந்த நாட்டில் முதுசமும் சீதனமும் தலைமுறை தோறும் பங்காக, பிரிபடாத பங்கு என்பது உறுதிகளில் வழக்கமான தொடராயிற்று. காணிக்கு மட்டுமன்றிக் கிணற்றுக்கும், அதன் நீர் செல்லும் வாய்க்காலுக்கும், வழிக்கும் பங்கு எழுதப்பட்டது. நால்வர் பிள்ளைகளும் அவர்தம் நந்நால்வர் பிள்ளைகளும் உரிமை கொண்டாடும்போது ஒருவர் பங்கு மாகாணி. அடுத்த தலைமுறையில் இருவராயின் அதிற் பாதி. இவ்வாறு இரண்டின் வழியிற் பிரிவனவற்றுக்குக் கீழ்வாயிலக்கம் செவ்வையாகப் பொருந்திற்று. ஆனால் மூவர் பங்கு வந்தால் அது பொருந்தாது. மூன்றில் ஒன்றை முந்திரியின் முழு மடங்காகச் சொல்ல இயலாது. அங்கே பரப்பின் 18 குழியே கைகொடுத்தது எனலாம்: மூவர்க்கு அவ்வாறு குழி, அறுவர்க்கு மும்மூன்று குழி, ஒன்பதின்மர்க்கு இவ்விரண்டு குழி. அளவையும் வாய்பாடும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பி நின்றன.

நாணயத்திலும் இதே நிலை. ஒல்லாந்தர் காலந்தொட்டு வழங்கிய இறைசால் ஒன்றுக்குப் பன்னிரண்டு பணம், பணம் ஒன்றுக்கு நான்கு துட்டு. ஒரு பொருளின் விலையைச் சொல்லவும் பன்னிரண்டிலும் நாற்பத்தெட்டிலும் பங்கு காணத் தெரிந்திருத்தல் வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. தமிழ் இலக்கங்களிற் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகள் உள. இருபத்தைந்தை ௨௰௫ என எழுதுவர். இத்தகைய எழுத்து விடையைப் பதிந்துவைக்க உதவுமேயன்றி, ஒன்றின்கீழ் ஒன்றாக நிரைப்படுத்திப் பெருக்குவதற்கு உதவாது. ஆகவே கணக்கு நிகழ்ந்த இடம் ஓலையன்று; மனமே. இன்றைய மாணவனுக்கு வாய்பாடு எழுத்துக் கணக்குக்கு ஒரு துணை. எண்சுவடி ஓதியவனுக்கு அதுவே கணக்குக் கருவி.

அக்கருவி எவ்வளவு தூரம் செல்லவல்லது என்பதற்குக் கடலின் அக்கரையில், புதுச்சேரியில், ஒரு சான்று உண்டு. 1825ஆம் ஆண்டு மே 31ஆந் தேதிக்கும் ஜூன் 1ஆந் தேதிக்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைத் தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், தரையிற் சோழிகளைப் பரப்பியும் மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டும் கணித்துக் காட்டினார். அதனைக் கண்டு தமது காலசங்கலிதம் என்னும் நூலிற் பதிந்தவர் யோன் வாரன். கிரகணம் தொடங்கும் நேரத்தில் நேர்ந்த பிழை சில நிமிடங்களே. முடியும் நேரத்திற் பிழை மிகுந்தது. அக்கணிதர் கோட்பாட்டை அறியார் என்றும் நினைவாற்றலே அவரது வலிமை என்றும் வாரன் கூறுகின்றார். இக்கூற்றை இகழ்ச்சியாகவும் கொள்ளலாம், வியப்பாகவும் கொள்ளலாம். இரண்டுமே ஓரளவு உண்மை.

நான்கு ஆண்டுகளின் பின்னர் யாழ்ப்பாணத்தில் இதே செய்தி போட்டியாக வெளிப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூர் 1816இல் தெல்லிப்பழையிற் பணி தொடங்கி, 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரிக்குத் தலைமை தாங்கியவர். 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் தேதிய சந்திரகிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் கூறியது ஒருவாறிருக்க, பூர் கணித்தது வேறாயிருந்தது. பூரின் கணிப்பே பொருந்திற்றென எமர்சன் தெனந்து 1850இல் வெளியிட்ட நூலிற் கூறுகின்றார். மிஷனரிமாருக்கு இது ஒரு கிரகணத்தின் செய்தி மட்டுமன்று. மனனக் கணக்கினும் எழுத்துக் கணக்கும் கோட்பாடும் உயர்ந்தவை என நிறுவுதற்கு வாய்த்த தருணமாகவே அதனைக் கொண்டனர்.

ஆயினும் வாய்பாட்டு ஓதலை மிஷனரிமார் ஒழித்தனர் என்று எண்ணுதல் தவறாகும். கிராமந்தோறும் அவர்கள் நிறுவிய பாடசாலைகளிற் சைவர்களான உள்ளூர் ஆசிரியர்களே தொடக்கத்திற் பெரும்பாலும் படிப்பித்தனர். பழைய முறையும் அவர்களோடு உட்புகுந்தது. மேலும், முன்னேறிய மாணவன் ஏனையோர்க்குச் சொல்லிக்கொடுக்கும் முறை ஐரோப்பாவுக்குச் சென்றதே தமிழ்நாட்டிலிருந்துதான். சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய அந்திரு பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் முறையை வகுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என அது பெயர் பெற்றது. மேனாட்டார் தந்த புதுமை எனச் சில இடங்களிற் போற்றப்பட்டதில் ஒரு பகுதி, திண்ணையிலிருந்து சென்று திண்ணைக்கே திரும்பியதாகும்.

மாறியது ஓதும் முறையன்று, ஓதப்பட்ட பொருளே. இங்கிலாந்திற் பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங். ஆதலின் அந்நாட்டு வாய்பாடு பன்னிரண்டோடு நிற்பது இயல்பு. அவ்வெல்லை ஆங்கிலப் பாடநூலோடு இங்கு வந்தது. பின்னம் என்பது மேலும் கீழும் எண் எழுதி இடையே கோடிடும் முறையாயிற்று. அம்முறையில் மூன்றில் ஒன்றும் ஏழில் ஒன்றும் எளிதாயின. மாகாணியும் முந்திரியும் வேண்டாதனவாயின. தசம இலக்கமும் பூச்சியமும் கொண்டு தாளில் நிரைப்படுத்திப் பெருக்கக் கற்றவனுக்கு ஒன்பது வரையான வாய்பாடே போதும். அவன் எத்துணைப் பெரிய எண்ணையும் பெருக்குவான். இது குறைவான சாதனையன்று. வட்டுக்கோட்டையில் யூக்கிளிட்டின் கேத்திர கணிதமும் அட்சர கணிதமும் வானவியலும் படிப்பிக்கப்பட்டன. அங்கே கற்று அங்கேயே ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். முந்திரிக் கணக்கிலிருந்து அட்சர கணிதத்துக்கு ஒரு தலைமுறையிற் சென்ற சமுதாயம் இது. நூல் வெளிவந்த அதே 1855இற் செமினரி மூடப்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் திண்ணை முறைக்குத் திரும்பவில்லை. வகுப்புப் பிரிவும் அச்சிட்ட பாடநூலும் அங்கும் வந்தன. சமயத்தில் எதிரெதிர் நின்ற இரு தரப்பாரும் பாடசாலை அமைப்பில் ஒரே திசையிற் சென்றனர். எண்சுவடியின் கீழ்வாய்ப் பகுதிக்காக அவருள் எவரும் வாதாடியதாகத் தெரியவில்லை.

அதற்கு இறுதி அடியாக வந்தது நாணயச் சீர்திருத்தம். இலங்கையில் 1872ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதியிலிருந்து ரூபாய் நூறு சதமாக வகுக்கப்பட்டது. இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்னுங் கணக்கு 1957 வரை நிலைத்தது. ஆகவே தமிழ்நாட்டுக் கடைக்காரனுக்கு மாகாணி என்பது கையிலிருக்கும் ஓரணாவாக மேலும் எண்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரனுக்கு அது முன்னரே பொருளிழந்த பெயராயிற்று. ஒரே மொழி, ஒரே சுவடி. எனினும் இருகரையிலும் அதன் ஆயுள் வேறுபட்டமைக்குக் கல்விக் கொள்கையினும் நாணயமே பெரிய காரணம் என்று கொள்ளுதல் தகும்.

ஏறத்தாழ இதே காலத்திற்றான் எஞ்சிய வாய்பாடு முன்னிலும் கடுமையாக ஓதப்பட்டது என்பது கவனித்தற்குரியது. 1869இற் பொதுப் போதனாத் திணைக்களம் நிறுவப்பட்டபின், நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குத் தேர்ச்சிக்கேற்பப் பணம் வழங்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் 1862இற் புகுத்தப்பட்ட முறையே இதற்கு முன்மாதிரி. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பரிசோதகர் முன்னிலையில் மாணவன் சித்தியெய்தினாலே ஆசிரியர்க்கு ஊதியம். இந்நிலையில் வாய்பாட்டைப் பிள்ளையின் வாயில் ஏற்றுவதற்குப் பிரம்பு துணையாயிற்று. மனனக் கல்வியின் தீமைகளாகப் பிற்காலத்தார் எடுத்துக்காட்டுவனவற்றுட் பல பழைய திண்ணையிலிருந்து வந்தனவல்ல. இத்தேர்ச்சிக் கட்டணத்திலிருந்து வந்தனவே.

இனி, யார் கற்றனர் என்னும் வினாவுக்கு வருதல் வேண்டும். பழைய எண்சுவடியின் ஆழத்தைப் போற்றுவோர் அது யாருடைய உடைமையாயிருந்தது என்பதை மறந்துவிடுதல் கூடாது. திண்ணையிற் பெண்பிள்ளைகள் இருந்தமை அரிது. தாழ்த்தப்பட்ட சாதியாரின் பிள்ளைகளுக்கு அங்கே இடமேயில்லை. வயலில் உழைத்தவன் தன் கூலி நெல்லைக் கொத்தால் அளந்து பெற்றான்; அளந்தவனும் கணக்கு எழுதியவனும் வேறொருவன். அரைக்கால் குறைந்தது என்று சொல்லுதற்கும் அரைக்கால் அறிந்திருத்தல் வேண்டும். சீதனக் காணியின் உறுதியிற் பெண்ணின் பெயர் இருந்தது. அதிலுள்ள பங்கைக் கணக்கிடும் கல்வி அவளுக்கு இருக்கவில்லை. கணக்கின் நுட்பம் மிகுந்த அளவுக்கு, அதனை அறியாதோர் அறிந்தோரிடம் தங்கியிருக்கும் நிலையும் மிகுந்தது. எண்சுவடி அறிவாயிருந்தது போலவே அதிகாரமுமாயிருந்தது.

இவ்வேலி சிறிது சிறிதாகவே விலகிற்று. 1824இல் உடுவிலில் நிறுவப்பட்ட மகளிர் விடுதிப் பாடசாலை பெண்களுக்கு எண்ணும் எழுத்தும் கற்பித்தது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமங்களிற் பாடசாலைகளைப் பெருக்கியது. சாதித்தடை இலகுவில் நீங்கவில்லை. அனுமதி பெற்ற பிள்ளைகளும் நிலத்திலோ தனி வாங்கிலோ இருத்தப்பட்டனர். 1924இல் தோன்றிய மாணவர் மாநாடு, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் மாநாடாக வளர்ந்து, சமபந்தியும் சமஆசனமும் கோரிற்று. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வேண்டுமெனக் கல்வித் திணைக்களம் பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பன்னிரண்டாம் வாய்பாட்டை ஒரே வாங்கிலிருந்து சொல்லுதற்கு இவ்வளவு விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது எஞ்சியிருந்த பணத்தடையும் தளர்ந்தது.

ஆகவே வாய்பாடு சுருங்கிய காலமும் அது பரவிய காலமும் ஒன்றே. சுருங்கியமையாலேயே பரவியது என்று துணிந்து கூறிவிடுதல் இயலாது. எனினும் சில ஆண்டுகளை முழுதாக விழுங்கிய எண்சுவடி, வயலுக்கும் கடலுக்கும் பிள்ளையை அனுப்பவேண்டியிருந்த குடும்பத்துக்கு எட்டாதது. பன்னிரண்டு வரையான வாய்பாடோ ஈராண்டில் அமைந்துவிடும். பழைய ஏட்டின் செழுமையை எண்ணி இரங்குவோரும், அதனை வெறும் கிளிப்பாடம் என்று தள்ளுவோரும் இத்தொடர்பை நோக்குவதில்லை.

கீழ்வாயிலக்கம் பாடசாலையை விட்டு நீங்கியபின்னும் அளவைகள் எல்லாம் உடனே நீங்கவில்லை. 1970களில் மெட்ரிக் முறை வந்து நில அளவைப் படங்கள் ஹெக்டேரிற் கணக்கிடப்படலாயின. ஆயினும் குடாநாட்டு உறுதிகளிற் பரப்பும் குழியும் இன்றும் எழுதப்படுகின்றன. காணி விலை பேசுவோர் பரப்புக் கணக்கிலேயே பேசுகின்றனர். எஞ்சிய துண்டுக்கு விலை காணும்போது பதினெட்டாற் பெருக்கவும் பிரிக்கவும் வேண்டியிருக்கின்றது. பன்னிரண்டோடு நின்ற பாடசாலை வாய்பாட்டிற் பதினெட்டுக்கு இடமில்லை.